ஆயிரம் மலை நாட்டில் ரத்தம் வரும் வழி

ஞாயிறு, கிகாலி

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி மதியம் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இறங்கினேன். 2018 தொடங்கி எந்த நாட்டுக்காரர் வந்தாலும் விமான நிலையத்திலேயே விசா கொடுக்கிறார்கள், வரிசையில் கொஞ்ச நேரம் நின்றதோடு சரி. பாலித்தீன் பைக்கு இந்த நாட்டில் 2008இலேயே தடை வந்துவிட்டது. சித்திக்கு அது தெரியும், அதனால் முறுக்கையும் பருப்புப்பொடியையும் துணிப்பையில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சித்தியின் மகன் இங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். வாசலில் நின்றவன் பெட்டியை வாங்குவதற்கு முன் முறுக்குப் பையை வாங்கிக்கொண்டான்.

பலரும் ருவாண்டாவுக்கு கொரில்லா பார்க்க வருவார்கள். நான் வந்தது ரத்தம் பார்க்க. திருநெல்வேலிப் பக்கம் பல வருஷம் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் நான். இந்த நாட்டில் மலைமேல் இருக்கும் மருத்துவமனைகளுக்கு 2016 முதல் ஆளில்லா விமானம் ரத்தம் கொண்டுபோகிறது என்று படித்த நாளிலிருந்தே நேரில் பார்க்கவேண்டும் என்று இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, தம்பியும் இங்கே இருக்கிறான், கிளம்பிவிட்டேன்.

கிகாலி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட ஏற்காட்டு உயரம். மாலையில் சால்வை வேண்டியிருக்கிறது. ஊர் முழுக்க மேடும் பள்ளமும். எதிர்மலையில் இருக்கும் கடை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வண்டி கீழே பள்ளத்தாக்கில் இறங்கி, சுற்றி, மறுபடி ஏறித்தான் அங்கே போய்ச் சேரும். நாட்டுக்கே ‘ஆயிரம் மலை நாடு’ என்றுதான் பெயர். இங்கே நேர்க்கோட்டுத் தூரம் ஒன்று, சாலைத் தூரம் வேறொன்று என்பதை வீட்டுக்குப் போன வழியிலேயே பார்த்துவிட்டேன்.

திங்கள், கிகாலி

காலையில் கிசோசி நினைவிடம். 1994 இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களில் இரண்டரை லட்சம் பேரை இங்கே புதைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து நானும் தம்பியும் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஆனால் கிகாலிக்கு வருகிறவர்கள் அங்கே போகாமல் திரும்பக் கூடாது.

நாளை முஹாங்கா, ட்ரோன்கள் கிளம்பும் ஊர். அதற்கு முன் ரத்த வங்கி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எதைத் தேடி வந்திருக்கிறேன் என்பது விளங்காது.

ரத்தம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் தானமாக வந்த ஒரு பையைப் பிரித்தால் வேறு வேறு பொருள்கள். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரியில் வைக்கவேண்டும், எந்தக் கரைசலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் நீர்ப்பகுதியை உறையவைத்தால் ஒரு வருஷம்கூட வைக்கலாம். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் பிளேட்லெட் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். அதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கவேண்டும். அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளிலும் பரிசோதனைக்கு ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது இன்னும் குறைவு.

இதோடு குரூப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மருத்துவமனையில் எந்த நேரம் எந்த குரூப் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? பயந்துபோய் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு யூனிட் வாங்கி வைத்தால், கேட்காத குரூப் தேதி முடிந்து வீணாகும். வாங்கி வைக்காவிட்டால், கேட்கிற நேரத்தில் இருக்காது. பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று ராத்திரி போன் வரும். நாலு யூனிட் வேண்டும் என்பார்கள், கொடுத்து அனுப்புவோம். இரண்டோடு நிலைமை சரியாகிவிடும். மிச்சம் இரண்டு மறுநாள் காலை ஐஸ் பெட்டியில் திரும்பி வரும். எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எத்தனை டிகிரியில் இருந்தது என்று கொண்டுவந்தவருக்குச் சொல்லத் தெரியாது. அதை இன்னொரு நோயாளிக்கு எப்படி ஏற்றுவது? டிஸ்கார்ட் ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிருமி கொல்லும் நீராவி இயந்திரமான ஆட்டோகிளேவில் போடவேண்டியதுதான். அந்தப் பையைக் கொடுத்தவர் வரிசையில் நின்று, ஊசி குத்திக்கொண்டு, ஒரு பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு போன மனுஷர். ஒவ்வொரு முறையும் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆகையால் ட்ரோன் எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. வீணாகிற யூனிட் குறைந்ததா? இந்தக் கேள்வியோடுதான் நாளை போகிறேன்.

செவ்வாய், முஹாங்கா

நியாபுகோகோ பேருந்து நிலையத்தில் ஏறினோம். ஊரைத் தாண்டியதும் நியாபரோங்கோ ஆறு, செம்மண் நிறத்தில் ஓடுகிறது. பாலம் கடந்து ருயென்சி, கமோன்யி என்று மலைமேலேயே சாலை வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் வாழை, மரவள்ளி, கீழே பள்ளத்தாக்கில் பாத்தி பிடித்துக் காய்கறி. சரிவில் ஒரு சாண் நிலத்தைக்கூடச் சும்மா விடவில்லை. சாலை நல்ல தார்ச்சாலைதான். ஆனால் இதிலிருந்து பிரிந்து உள்ளே போகும் பாதைகளெல்லாம் செம்மண். மழைக்காலத்தில் அதில் வண்டி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். கிகாலியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஜிப்லைன் கம்பெனியின் நிலையம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. கம்பெனி கலிஃபோர்னியாவுடையது. ஆனால் உள்ளே வேலை பார்ப்பவர்கள் ருவாண்டாக்காரர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். 2016 அக்டோபரில் அதிபர் ககாமே இதைத் தொடங்கிவைத்தார். அப்போது ரத்தம் மட்டும்தான். இப்போது தடுப்பூசி, மருந்து, மருத்துவச் சாமான்கள் எல்லாம் போகின்றன. பார்வையாளர்கள் நிற்க வேலிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் ஒருவர் கூடவே நின்று விளக்கினார்.

மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வருகிறது. ஆரம்பத்தில் வாட்ஸ்அப், போன், குறுஞ்செய்தி என்று எது கைக்கு வந்ததோ அதில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பையை எடுக்கிறார்கள், லேபிளைச் சரிபார்க்கிறார்கள், சிவப்பு அட்டைப்பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். பெட்டியோடு ஒரு காகிதப் பாராசூட்டும் மடித்து இணைத்திருக்கிறது. அந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. விமானத்தை முழுசாக வைத்திருப்பதில்லை. உடல், இறக்கை, பேட்டரி எல்லாம் தனித்தனியாக அலமாரியில் இருக்கின்றன. ஆர்டர் வந்தபிறகுதான் ஏவும் தண்டவாளத்தின்மேல் ஒன்றோடொன்று மாட்டுகிறார்கள். பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு வேறொன்றை மாட்டிவிடலாம், விமானம் சும்மா கிடக்க வேண்டாம். எல்லாம் சேர்த்து சுமார் 20 கிலோ எடை. அது தூக்கும் பொட்டலம் 1.75 கிலோ. இரண்டு மூன்று யூனிட் ரத்தத்துக்குப் போதும்.

நான் ரொம்ப நேரம் பார்த்தது அடுத்த வேலையைத்தான். ஒரு பெண் கைபேசியை எடுத்து அதன் கேமராவை இறக்கைக்கு நேராகப் பிடித்தார். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பு தானே மேலே போனது, கீழே வந்தது. கட்டளைப்படி சரியான அளவுக்கு அசைந்ததா என்று கேமரா வழியாகக் கணினி பார்க்கிறது. சரி என்றால் அடுத்த பாகம். இல்லையென்றால் விமானம் கிளம்பாது. தானரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று நாங்கள் கிராஸ் மேட்ச் செய்யும்போது ஒரு குழாயை இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தோம். ராத்திரி ட்யூட்டியில் இரண்டாவது ஆள் பெரும்பாலும் இருக்கமாட்டார். இங்கே அந்த இரண்டாவது கண் எப்போதும் இருக்கிறது, அதற்குத் தூக்கம் வருவதில்லை.

ஏவும்போது காது அடைக்கிற சத்தம் எதுவும் இல்லை. ஒரு ‘டப்’, அவ்வளவுதான். அரை நொடிகூட ஆகவில்லை, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விட்டது. மலைமுகட்டைத் தாண்டுகிற வரை தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

“இதுல ஏஐ எங்கக்கா இருக்கு? ரிமோட்ல யாரோ ஓட்டுறாங்கன்னுல்ல நெனச்சேன்” என்றான் தம்பி.

ரிமோட்டில் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. எந்த மருத்துவமனைக்கு எந்தப் பாதை என்பது முன்பே அளந்து போட்டுவைத்தது, விமானம் அதில் தன் இஷ்டத்துக்கு விளையாடுவதில்லை. அந்தப் பாதையில் காற்று தள்ளினால் சமாளிப்பது, மற்ற விமானங்களோடு மோதாமல் நேரம் ஒதுக்கிக்கொள்வது, இலக்குக்கு மேல் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு எந்தக் கணத்தில் கதவைத் திறந்தால் பெட்டி சரியான இடத்தில் விழும் என்று முடிவு செய்வது, இதெல்லாம் அதன் வேலை. ஏதாவது பழுது என்றால் தொடர்ந்து போகலாமா, திரும்பிவிடலாமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இரண்டுமே முடியாத நிலை என்றால் தன் பெரிய பாராசூட்டை விரித்துப் பத்திரமாகத் தரையில் இறங்கிவிடும். நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரே நேரத்தில் பல விமானங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார், கிகாலி விமான நிலையக் கோபுரத்தோடு பேசிக்கொள்கிறார். தேவைப்பட்டால் திரும்பி வா என்று சொல்ல அவரால் முடியும். கையில் பிடித்து ஓட்டுவது மட்டும் கிடையாது.

அமெரிக்க வானத்துக்காக இதே கம்பெனி இன்னொன்று செய்திருக்கிறது. அங்கே சின்னச் சின்னத் தனியார் விமானங்கள் நிறைய. அதனால் ட்ரோனில் நுண்ணிய மைக்குகளைப் பொருத்தி, தன் மோட்டார் சத்தத்தையும் காற்றிரைச்சலையும் தள்ளிவிட்டு, தூரத்தில் வரும் வேறு விமானத்தின் சத்தத்தை மட்டும் பிரித்தறியக் கணினிக்குப் பழக்கியிருக்கிறார்கள். கேட்டதும் ட்ரோன் தானே ஒதுங்கும். 2023இல் அமெரிக்க விமானத் துறை, தரையில் ஆள் நின்று பார்க்காமலேயே இப்படிப் பறக்க அனுமதி கொடுத்தது. பல மாதிரிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. செயற்கை நுண்ணறிவு என்று பெரிதாகப் பேசுகிறவர்கள் இந்த மாதிரி வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்து இறங்குவதும் பார்க்கவேண்டிய காட்சி. ஓடுபாதையும் கிடையாது, சக்கரமும் கிடையாது. இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவே ஒரு கம்பி. விமானம் நேராக அதை நோக்கி வருகிறது. கடைசி நொடியில் கம்பி மேலே எழும்பி, வாலில் இருக்கும் சின்னக் கொக்கியில் மாட்டுகிறது. 20 கிலோ அப்படியே தொங்கி ஆடி நிற்கிறது. கொக்கி மாட்டவில்லையென்றால் ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வரும். ஒரு பையன் ஓடிப்போய் இறக்கிக் கழற்றினான். பேட்டரி சார்ஜுக்கு, இறக்கை அலமாரிக்கு. அடுத்த ஆர்டர் அதற்குள் வந்துவிட்டது.

ராத்திரி முஹாங்காவிலேயே தங்கல். ஆட்டிறைச்சிக் கம்பி வறுவலும் வாழைக்காயும் சாப்பிட்டோம். இசோம்பே என்று மரவள்ளி இலையை இடித்துச் சமைக்கிறார்கள், கீரைப் பிரியர்களுக்குப் பிடிக்கும்.

புதன், மலைப்பக்கம் ஒரு மருத்துவமனை

தம்பியின் நண்பர் ஒருவரின் மனைவி மலைப்பக்கம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நர்ஸ். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். ஜீப்பில் போனோம். நான் நேற்று நினைத்த செம்மண் பாதை இதுதான். ராத்திரி பெய்த மழையில் ஒரு இடத்தில் வண்டி சறுக்கி, இறங்கித் தள்ளவேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் கேட்டிருந்தார்கள். சிசேரியன் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு யூனிட் ஓ பாசிட்டிவ். நர்ஸ் எங்களிடம் “முரஹோ” என்று வணக்கம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சரி, இந்த நேரத்தில் நமக்கு என்ன பேச்சு என்று நாங்கள் வெளியே ஒதுங்கி நின்றோம்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புல்தரை. இரண்டு கார் நிறுத்துகிற அளவுதான். கொஞ்ச நேரத்தில் நர்ஸின் கைபேசிக்குச் செய்தி வந்தது, விமானம் நெருங்கிவிட்டது என்று. அவர் வந்து புல்தரை ஓரத்தில் நின்றார். அந்தத் தையல் மெஷின் சத்தம் கேட்டது. விமானம் தாழ இறங்கிவந்தது, வயிறு திறந்தது, பெட்டி விழுந்தது, காகிதப் பாராசூட் விரிந்தது. புல்லில் பொத்தென்று ஒரு சத்தம். விமானம் நிற்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. வளைந்து திரும்பிப் போய்விட்டது. வேலி ஓரத்தில் வைக்கோல் தூக்கிப் போன ஒரு பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

நர்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடவில்லை, வேகமாக நடந்தார். ரத்தப் பையை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மேசையில் வைத்து நாடாவைக் கிழித்துத் திறந்தார். பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நிறம் மாறியிருக்கிறதா, கட்டி இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று. பை எண், குரூப், காலாவதித் தேதி என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உதவி செய்யவேண்டும் என்று கை தானாக நீண்டது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு யூனிட் ஏறி, இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்த அழுத்தம் சீராகிவிட்டது. அதன்பிறகு தேநீர் குடித்துக்கொண்டே நர்ஸ் பேசினார். முன்பு ரத்தம் வேண்டும் என்றால் மருத்துவமனை வண்டியை ரத்த மையத்துக்கு அனுப்புவார்களாம். வண்டி வேறு வேலையாகப் போயிருந்தால் காத்திருக்கவேண்டும். மழை என்றால் இன்னும் நேரம் ஆகும். அதனால் போகிற வண்டியில் முடிந்தவரை நிறைய வாங்கி வந்து நிரப்பி வைப்பார்கள்.

“இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். அவசரத்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது. மீதித் தட்டுகள் காலி. வீட்டில் காலி ஃபிரிட்ஜைப் பார்த்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். இந்தக் காலித் தட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு யூனிட் வேண்டுமென்றால் கேட்டால் வரும் என்று நம்பிக்கை இருப்பதால்தான் நாலு யூனிட்டாகக் கேட்கவில்லை. மிச்சம் வைத்துக் கெடுக்கவும் இல்லை.

இது ஒரு நர்ஸ் சொன்ன கதை மட்டும் இல்லை. 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ருவாண்டா மருத்துவமனைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 2017 முதல் 2019 வரை ட்ரோனில் போன 12,733 ரத்த ஆர்டர்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆர்டர் வந்து சேரச் சராசரியாக 49.6 நிமிடம். சாலை வழியோடு ஒப்பிட்டால், எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து 79 முதல் 98 நிமிடம் மிச்சம். செய்தித்தாள்கள் எல்லாம் இதைத்தான் தலைப்பாகப் போட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு பாதி. ட்ரோன் வந்து 12 மாதத்தில், மருத்துவமனைகளில் தேதி முடிந்து வீணாகும் ரத்தம் 67 சதவீதம் குறைந்திருக்கிறது.

இந்த 67ஐ ட்ரோன் தனியாகச் சாதிக்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் பயந்து பதுக்கிவைத்த சின்னச் சின்ன இருப்பை ஒரே இடத்தில் சேர்த்து வைத்ததால் வந்தது அது. ஒரு மருத்துவமனையில் ஏபி நெகட்டிவ் மாசத்துக்கு ஒருமுறை கேட்கும், இல்லை கேட்காமலே போகும். இருபது மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்தால் யாராவது ஒருவர் தேதிக்குள் கேட்டுவிடுவார்கள். கேட்டதும் போய்ச் சேரும் என்று உறுதி இருந்தால்தான் இப்படிச் சேர்த்து வைக்க மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். ட்ரோன் கொடுப்பது அந்த உறுதியை.

வியாழன், கயோன்சா

கிகாலிக்கு வந்து, மறுபடி கிழக்கே கயோன்சா. இந்தப் பக்கம் மலை குறைவு, வெயில் கூடுதல், நீளக் கொம்பு மாடுகள் மேய்கின்றன. ஜிப்லைனின் இரண்டாவது நிலையம் இங்கே. ஒரு நிலையத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வரை போய்த் திரும்பலாம். முஹாங்காவிலிருந்து ஒரு வட்டம், கயோன்சாவிலிருந்து ஒரு வட்டம், ஏறக்குறைய நாடே அடங்கிவிடுகிறது. ருவாண்டாவின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர்தான்.

இங்கிருந்து மருந்தோடு கால்நடை விந்தும் போகிறது, பன்றிக்கும் மாட்டுக்கும். சினைப்பருவம் தெரிந்த சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும், தாமதித்தால் அந்த வாய்ப்பு போயிற்று. ரத்தத்தைப் போலவே நேரமும் குளிர்ச்சியும் தப்பக்கூடாத சரக்கு. பால் கடையில் இகிவுகுட்டோ என்ற புளித்த பால் ஒரு பெரிய குவளை குடித்தேன். நம் மோரைவிடக் கெட்டி.

வெள்ளி, கிகாலி

போன இடமெல்லாம் நல்லதாகவே எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கும் சந்தேகங்கள் உண்டு. ஒரு நாட்டின் ரத்தம் போகிற பாதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மென்பொருளில் இருக்கிறது. அரசு பணம் கொடுக்கிறவரை ஓடும். 2018 டிசம்பரில் கானாவில் இதே திட்டம் வந்தபோது அந்த நாட்டு மருத்துவர் சங்கமே எதிர்த்தது. ஆம்புலன்ஸே போதுமான அளவு இல்லாத நாட்டில் முதலில் அடிப்படை வசதிகளைப் பாருங்கள் என்றார்கள். அது நியாயமான கேள்வி. ஆனாலும் 2019 ஏப்ரலில் அங்கே ட்ரோன்கள் பறக்கத் தொடங்கின.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்து கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அடுத்த மாதமே மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியில் இருக்கும் கராங் தீவுக்குத் தடுப்பூசி போனது. சாலையில் 26 கிலோமீட்டர், வானத்தில் 15. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. 2023 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு டெல்லிப் பக்கம் பத்து யூனிட் ரத்தத்தை ட்ரோனில் அனுப்பி, அதிர்விலும் வெப்பத்திலும் சிவப்பணு உடைகிறதா என்று சோதித்தது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் ரத்தம் பறந்து போய்ச் சேருமா என்பது கேள்வியில் ஒரு பாதிதான். எங்கே வைத்திருப்பது, யார் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது மறுபாதி. அதைத் தொடாமல் ட்ரோனை மட்டும் வாங்கினால் பழைய பதுக்கல் அப்படியே இருக்கும், மேலே ஒரு விமானச் செலவும் சேரும்.

சாப்பிட்டு முடித்து நானும் தம்பியும் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, திருநெல்வேலியை நடுவில் வைத்து 80 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தோம். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், நாகர்கோவில், கன்னியாகுமரி எல்லாம் உள்ளே வருகின்றன. ராஜபாளையம் கொஞ்சம் வெளியே போய்விட்டது. எங்கள் பக்கம் சமவெளியில் சாலை நன்றாக இருக்கிறது, சிவப்பணுவுக்கு ஜீப்பே போதும் என்பதுதான் என் எண்ணம். டெங்கு சமயத்தில் பிளேட்லெட்டுக்கும், கிடைக்காத நெகட்டிவ் குரூப்புக்கும் மட்டும் வானவழி வேண்டியிருக்கலாம். எந்த ரத்த வங்கியில் என்ன இருக்கிறது என்று பார்க்க இ-ரக்த்கோஷ் இணையதளம் 2016 முதலே இருக்கிறது. அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, கோவில்பட்டியில் தேதி முடியப் போகிற பையை தென்காசிக்கு இன்றே அனுப்பலாம் என்று முடிவெடுக்க ஒரு ஆளும், உடனே கிளம்ப ஒரு வண்டியும் இருந்தால், ட்ரோன் வருவதற்கு முன்பே வீணாவதில் பாதியை நிறுத்திவிடலாம்.

“அப்போ ட்ரோன் வேண்டாங்கிறீங்களா அக்கா?”

“வேணும்டா. மாஞ்சோலைக்கு மேல ரோடு அடிச்சிட்டுப் போற மாசத்துல, பாம்புக்கடி மருந்துக்கு வேணும். ரத்தத்துக்கு மொதல்ல கணக்கு வேணும்.”

அவன் தலையாட்டிவிட்டு வட்டத்தை மதுரைக்கு நகர்த்தினான். கொடைக்கானல் விளிம்பில் மயிரிழையில் உள்ளே வந்தது, போடி வெளியே நின்றது. போடிக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நாளை காலை ஏழு மணிக்கு விமானம்.